மீதி எட்டு வருஷம்: ஓடி முடித்த கிரேஹவுண்டுகளின் கதை

அமெரிக்காவில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாயைத் தத்தெடுப்பவர்கள் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, அதன் காதை மெல்ல விரித்துப் பார்ப்பது. உள்பக்கம் பச்சை குத்தியிருக்கும். வலது காதில் '32பி' என்று இருந்தால் மூன்றாம் மாதத்தில், 2இல் முடியும் வருஷத்தில் பிறந்த நாய், அந்த ஈற்றில் இரண்டாவதாகப் பதிவான குட்டி என்று பொருள். இடது காதில் இருப்பது அந்த ஈற்றின் பதிவு எண். இது போதாதென்று ஒவ்வொரு பந்தய நாய்க்கும் 'பெர்டியோன் அட்டை' என்று ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் போலீஸில் வேலை பார்த்த அல்போன்ஸ் பெர்டியோன், குற்றவாளிகளின் உடல் அளவுகளைக் குறித்துவைத்து ஆளை அடையாளம் காண ஒரு முறையைக் கொண்டுவந்தார் இல்லையா, அவர் பெயரில்தான் இந்த அட்டை. ஒவ்வொரு நகமும் என்ன நிறம், மார்பில் வெள்ளைத் திட்டு எங்கே, வாலில் தழும்பு உண்டா என்று 50க்கும் மேற்பட்ட அடையாளங்கள் அதில் இருக்கும்.

நாய் காணாமல் போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் செய்தது அல்ல இது. பணம் கட்டுகிறவர்களுக்காகச் செய்தது. ஆள்மாறாட்டம் மாதிரி நாய்மாறாட்டம் நடக்கும். மெதுவாக ஓடும் நாயின் பெயரில் வேகமான நாயை இறக்கிப் பணம் பார்ப்பார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தக் கெடுபிடி. ஆக, பிறந்த தேதியிலிருந்து கால் நகத்தின் நிறம் வரை பதிவான ஒரு விலங்கு. ஓட்டம் நின்றுபோன மறுநாள் அது எங்கே போனது என்பதற்கு மட்டும் நெடுங்காலம் யாரிடமும் ஒரு பதிவும் கிடையாது.

கணக்கு சுலபமானதுதான். கிரேஹவுண்ட் சுமார் ஒன்றரை வயதில் பந்தயத்துக்கு வரும். காலில் அடிபடாமல் இருந்தால் நாலு வயது, மிஞ்சிப்போனால் ஐந்து வயது வரை ஓடும். ஆயுள் 12 வருஷத்தை ஒட்டி. மீதி எட்டு வருஷம் என்ன ஆகிறது? இந்தக் கேள்விக்கு விதவிதமாகச் சொல்லப்பட்ட பதில்கள்தான் கிரேஹவுண்ட் தத்தெடுப்பின் வரலாறு.

முதலில் இந்த நாய்கள் இத்தனை ஆயிரமாகப் பெருகியது எப்படி என்று பார்த்துவிடுவோம். கிரேஹவுண்ட் பழைய இனம். நம்மூர் சிப்பிப்பாறையையோ கன்னியையோ பார்த்தவர்களுக்கு அதன் உடல்வாகு புதிதாகத் தெரியாது: ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, நீண்ட முகம், மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் குணம். இங்கிலாந்தில் பணக்காரர்கள் இரண்டு நாய்களை ஒரு முயலின் பின்னால் அவிழ்த்துவிட்டு எது திறமையானது என்று போட்டி வைப்பார்கள். கோர்சிங் என்று பெயர். 1776இல் ஆர்ஃபோர்ட் பிரபு ஸ்வாஃப்ஹாமில் இதற்கென்று ஒரு கிளப்பே தொடங்கினார். 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை 2005 வரை நடந்தது. மாஸ்டர் மெக்ராத் என்ற நாய் மூன்று முறை அந்தக் கோப்பையை வென்று, விக்டோரியா மகாராணியைப் பார்க்கும் அளவுக்குப் புகழ்பெற்றது.

இதை ஊர்ப் பொழுதுபோக்காக மாற்றியவர் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்ற அமெரிக்கர். கோர்சிங் போட்டியில் முயல்கள் கடிபட்டுச் சாவதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் அவர் இயந்திர முயலைச் செய்யும் யோசனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். 1919இல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் வட்டப் பாதையில் இயந்திர முயல் ஓட, அதன் பின்னால் நாய்கள் ஓடின. முயலைக் காப்பாற்ற வந்த கருவி. அது இல்லாவிட்டால் நாய்ப் பந்தயம் என்ற தொழிலே பிறந்திருக்காது, பல லட்சம் நாய்கள் அதற்காக வளர்க்கப்பட்டிருக்கவும் மாட்டா. வரலாற்றில் கருணையின் கணக்கு இப்படித் தப்பிப் போவதைப் பலமுறை பார்க்கலாம், ஆனாலும் இது கொஞ்சம் அதிகம்.

1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வூ மைதானத்தில் இங்கிலாந்தின் முதல் இயந்திர முயல் பந்தயம் நடந்தது. பார்க்க வந்தவர்கள் 1,700 பேர். முதல் பந்தயத்தை ஜெயித்த நாயின் பெயர் மிஸ்ட்லி. சில வாரங்களிலேயே கூட்டம் பல மடங்காகப் பெருகிவிட்டது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. குதிரைப் பந்தயம் பகலில், ஊருக்கு வெளியே நடக்கும். ஆலைத் தொழிலாளி லீவு போட்டுவிட்டா போக முடியும்? நாய்ப் பந்தயம் சாயந்திரம், விளக்கு வெளிச்சத்தில், ட்ராம் தூரத்தில் நடந்தது. வேலை விட்டு அப்படியே போய்க் கொஞ்சம் சில்லறையைக் கட்டிவிட்டு வரலாம்.

அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் மிக் த மில்லர். அயர்லாந்தில் ஒரு பாதிரியார் வளர்த்த நாய். 1929, 1930 இரண்டு வருஷமும் இங்கிலீஷ் டெர்பியை வென்றது, 1934இல் ஒரு சினிமாவிலும் நடித்தது. 1939இல் இறந்தபின் அதன் உடலைப் பாடம் செய்துவைத்தார்கள். ட்ரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இன்றும் நிற்கிறது. ஓடி முடித்த கிரேஹவுண்டுகளில் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த நாய் ரொம்ப காலத்துக்கு அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் ஒரு சாதாரண சாயந்திரத்தில் 12 பந்தயம், பந்தயத்துக்கு 6 நாய் என்றால் ஒரே மைதானத்துக்கு 72 நாய் வேண்டும். அமெரிக்காவில் பந்தயத்துக்கு 8 நாய். வாரத்தில் பல நாள் பந்தயம், நாடு முழுக்க மைதானங்கள். 1931இல் ஃப்ளோரிடா மாநிலம் நாய்ப் பந்தயத்தில் பணம் கட்டுவதைச் சட்டபூர்வமாக்கியது. அரசுக்கு வரி வந்தது, மற்ற மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. இத்தனை மைதானங்களுக்கும் தீனிபோட வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குட்டிகள் பிறக்க வேண்டும். பிறப்பதில் ஒரு பகுதி ஓடவே லாயக்கில்லை என்று ஆரம்பத்திலேயே கழிக்கப்படும். ஓடுவதில் பெரும்பகுதி இரண்டு, மூன்று வருஷத்தில் கழியும். தொழில்காரர்கள் இதற்கு வைத்திருந்த சொல் 'வேஸ்டேஜ்'. சேதாரம். நகைக்கடையில் கேட்கிற அதே சொல்.

சேதாரமான நாய்கள் என்ன ஆயின? சில இனப்பெருக்கத்துக்குப் போயின. சில ஆய்வுக்கூடங்களுக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கும் போயின. மற்றவை கொல்லப்பட்டன. இதை யாரும் ரகசியமாக வைத்திருக்கவில்லை. கேட்கத்தான் ஆள் இல்லை. பந்தய நாய் வீட்டு நாய் அல்ல என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயமாக இருந்தது. மைதானத்தில் வாய்க்கூடு மாட்டித்தான் ஓடவிடுவார்கள், ஓட்டத்தின் வேகத்தில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் இருக்கவும், கடைசிக்கோட்டில் யார் மூக்கு முந்தியது என்று பார்க்கவும். பார்க்கிற ஜனங்களுக்கு அது புரியுமா? வாய்க்கூடு போட்டிருக்கிறது என்றால் கடிநாய் என்றுதானே தோன்றும். முயலைத் துரத்தும் மிருகத்தை யார் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் விடுவார்கள்?

ஆகவே தத்தெடுப்பு இயக்கத்துக்கு முன்னால் இருந்த முதல் தடை இந்தப் பிம்பம்தான். பிரிட்டனில் 1975இல் பந்தயத் தொழிலின் ஆதரவோடேயே ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளுக்கான அறக்கட்டளை தொடங்கியது. அமெரிக்காவில் 1982இல் ஃப்ளோரிடாவின் பந்தய மைதான ஊழியர் ஒருவர், தினமும் பார்த்த நாய்களை வீடுகளில் சேர்க்க ஆரம்பித்தார். ரீகாப் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. 1987இல் 'கிரேஹவுண்ட் பெட்ஸ் ஆஃப் அமெரிக்கா' வந்தது, ஊர் ஊராகக் கிளை பரப்பியது. இரண்டு நாட்டிலும் தொடக்கம் தொழிலுக்கு உள்ளேயிருந்து வந்தது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சண்டைக்கு இது வேண்டும்.

நடுவில் ஒரு கார்ட்டூனும் உதவிக்கு வந்தது. 'த சிம்ப்சன்ஸ்' தொடரின் முதல் முழு அத்தியாயம் 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பானது. அதில் கிறிஸ்துமஸ் செலவுக்குக் காசில்லாத ஹோமர் ஒரு கிரேஹவுண்டின் மேல் பணம் கட்டுவார். நாய் கடைசியாக வரும். சொந்தக்காரன் அதை அங்கேயே விரட்டிவிட, ஹோமரும் பையனும் அதை வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். தோற்றுப்போன பந்தய நாயை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கோடிக்கணக்கான வரவேற்பறைகளுக்குள் போனது. எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுத் தத்தெடுத்தார்கள் என்று கணக்குக் காட்ட முடியாது. ஆனால் அன்றைய தத்தெடுப்பு அமைப்புகள் சொல்ல நினைத்தது அதுவேதான்.

தத்துக்கும் கென்னலுக்கும் நடுவில் ஒரு படி தேவைப்பட்டது, அதுதான் ஃபாஸ்டர் வீடு. தற்காலிகமாகச் சில வாரங்கள் நாயை வைத்துப் பழக்கிக்கொடுக்கும் தன்னார்வலர் வீடு. மற்ற நாய்களுக்கும் ஃபாஸ்டர் உண்டு, ஆனால் கிரேஹவுண்டுக்கு அது ஏன் இவ்வளவு முக்கியமானது என்றால், வருகிற நாய்க்கு மூன்று நாலு வயது ஆகியிருக்கும், ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததே இருக்காது. அமெரிக்கக் கென்னல்களில் நாளின் பெரும்பகுதி கூண்டுக்குள், சில வேளை வெளியே விட்டு மறுபடி கூண்டு. அதற்கு மாடிப்படி என்றால் என்னவென்று தெரியாது. முன்னங்கால் இரண்டையும் மேல்படியில் வைத்துவிட்டு, பின்னங்காலை என்ன செய்வதென்று தெரியாமல் நடுங்கி நிற்கும். ஃபாஸ்டர் வீட்டுக்காரர் பின்னால் நின்று ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைப்பார். கண்ணாடிக் கதவு தெரியாது, நேராகப் போய் முட்டும். வழவழப்பான தரையில் கால் வழுக்கி, கம்பளம் இருக்கும் இடத்தைவிட்டு நகராது. டிவியும் வாக்யூம் கிளீனரும் பேய்.

தூக்கம் இன்னொரு சிக்கல். கூண்டில் தனியாகவே தூங்கிய நாயைத் தூக்கத்தில் யாரும் தொட்டதில்லை. சில கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தை போய்க் கட்டிக்கொண்டால் திடுக்கிட்டு உறுமும், சமயத்தில் கடித்தும்விடும். அதனால் 'தூங்கும் நாயைத் தொடாதே, பெயர் சொல்லிக் கூப்பிடு' என்பது இந்த வீடுகளில் முதல் விதி. பூனைப் பரீட்சை என்று ஒன்றும் உண்டு: வாய்க்கூடு போட்டு, கயிற்றில் பிடித்துக்கொண்டு, பூனையைக் காட்டி, நாயின் கவனத்தைத் திருப்ப முடிகிறதா என்று பார்ப்பார்கள். சில நாய்கள் பூனையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில நாய்கள் மரம்போல விறைத்து நிற்கும், கூப்பிட்டால் காது திரும்பாது. அவற்றைப் பூனை இல்லாத வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள். தலையைவிடக் கழுத்து தடிமன் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்று வந்துவிடும். இழுத்தால் கொஞ்சம் இறுகும் 'மார்டிங்கேல்' பட்டை போட வேண்டும். வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடவே கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நாய், அணிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் நீங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது அடுத்த தெருவில் இருக்கும்.

மருத்துவத்திலும் பாடம் படிக்க வேண்டியிருந்தது. கிரேஹவுண்டின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் மற்ற நாய்களைவிட அதிகம். தைராய்டு அளவு குறைவு. இது தெரியாத டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்தால் நோய் என்று முடிவுகட்டி மாத்திரை எழுதிவிடுவார். உடம்பில் கொழுப்பே இல்லாத நாய் என்பதால் தயோபென்டால் வகை மயக்க மருந்து கொடுத்தால் தெளிய ரொம்ப நேரமாகும், ஆபத்தும்கூட. தத்தெடுப்பு அமைப்புகளின் கையேடுகளில் இந்த எச்சரிக்கைப் பக்கம் இல்லாமல் இருக்காது. அதே ரத்தம் இன்னொரு வகையில் அவற்றுக்கு மதிப்பைத் தேடித் தந்தது. சிவப்பணு நிறைந்திருப்பதாலும், பல கிரேஹவுண்டுகளின் ரத்தத்தை எந்த நாய்க்கும் ஏற்றலாம் என்பதாலும் நாய் ரத்த வங்கிகள் இவற்றைத் தேடி வாங்கின.

இவ்வளவையும் தாண்டி அந்த நாய் வீட்டுக்குப் பழகியபின் செய்வது என்ன? தூங்குகிறது. குறுகிய தூரம் வெறித்தனமாக ஓடுவதற்காகவே வளர்க்கப்பட்ட உடம்பு, மீதி நேரமெல்லாம் சோபாவில் கிடக்கிறது. 'மணிக்கு 45 மைல் ஓடும் சோபா சோம்பேறி' என்ற கிண்டல் அடைமொழியை இந்த அமைப்புகள் விளம்பரமாகவே பயன்படுத்தின. கடிநாய் என்ற பிம்பத்தை உடைத்தது இந்தக் கிண்டல்தான். 1992இல் சிந்தியா பிரானிகன் பந்தய கிரேஹவுண்டைத் தத்தெடுப்பது பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 90களின் நடுவில் அமெரிக்கப் புறநகர்களில் ஸ்வெட்டர் போட்ட கிரேஹவுண்டுகள் நடைபோவது சகஜமாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் சண்டை வருகிறது.

தத்தெடுப்பு அமைப்புகளுக்கு நாய் எங்கிருந்து வரும்? பயிற்சியாளரிடமிருந்து, மைதானத்திலிருந்து. அவர் கென்னல் கதவைத் திறந்து 'இந்தா, இந்த நாலையும் கொண்டுபோ' என்று சொல்ல வேண்டும். நீங்கள் நேற்று பத்திரிகையில் அவர் தொழிலைத் திட்டிப் பேட்டி கொடுத்திருந்தால் கதவு திறக்குமா? அதனால் பல அமைப்புகள் பந்தயத்தைப் பற்றி எங்களுக்கு ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்று எழுதிவைத்துக்கொண்டன. இன்னொரு பக்கம், நீங்கள் நாய்களை எடுக்க எடுக்க அவர்கள் புதிது புதிதாக வளர்க்கிறார்கள், சேதாரத்தைச் சுத்தம் செய்துகொடுக்கும் இலவசத் துப்புரவுத் துறையாகிவிட்டீர்கள் என்று எதிர்ப்பாளர்கள் குற்றம்சாட்டினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1987இலேயே அமெரிக்கப் பந்தயத் தொழில் தனக்கென்று ஒரு நலக் கவுன்சிலை அமைத்துக்கொண்டு, தத்தெடுப்பைத் தன் சாதனையாகவும் காட்ட ஆரம்பித்துவிட்டது. விளம்பரப் படத்தில் சோபாவில் தூங்கும் நாய். சோபா கிடைக்காத நாய்கள் படத்தில் இல்லை.

அவை அவ்வப்போது வேறு இடங்களில் அகப்பட்டன. 1992இல் அரிசோனாவில் கைவிடப்பட்ட ஒரு எலுமிச்சை வகைத் தோப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகளின் உடல்கள் கிடைத்தன. சுடப்பட்டிருந்தன, பச்சை குத்திய காது அறுக்கப்பட்டிருந்தது. 2002இல் அலபாமாவில் ஒருவர் தன் நிலத்தில் வருஷக்கணக்காக நாய்களைச் சுட்டுப் புதைத்துவந்தது தெரியவந்தது, நாய் ஒன்றுக்கு 10 டாலர் கூலி. 2006இல் இங்கிலாந்தின் டர்ஹம் வட்டாரத்தில் உள்ள ஸீஹமில் ஒரு கட்டடப் பொருள் வியாபாரி 15 வருஷத்தில் 10,000 கிரேஹவுண்டுகளைக் கொன்று புதைத்திருக்கிறார் என்று சண்டே டைம்ஸ் வெளியிட்டது. கூலி நாய்க்கு 10 பவுண்டு. இதில் வயிற்றைப் பிசைகிற விஷயம், அவர் மீது வழக்குப் போட்டபோது நாயைக் கொன்றது குற்றமாகவில்லை. வலியில்லாமல் கொன்றால் சட்டப்படி தப்பில்லை. அனுமதியில்லாமல் நிலத்தில் கழிவைப் புதைத்தது என்ற சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ்தான் அபராதம் விதித்தார்கள், 2,000 பவுண்டு.

காதை அறுப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். பந்தயத்தின் நாணயத்தைக் காப்பதற்காகக் குத்திய பச்சை, கொலையின்போது சாட்சியாகிவிடுகிறது. அதனால் அதை வெட்டி எடுக்கிறார்கள். தத்தெடுத்தவர் வீட்டிலோ அதே பச்சை நாயின் ஜாதகம். அதை வைத்துத் தாய் தகப்பன் யார், எங்கே எத்தனை ஓட்டம் ஓடியது, எதில் தோற்றது என்று எல்லாவற்றையும் இணையத்தில் தேடிப் படிக்கிறார்கள்.

ஸீஹம் விவகாரத்துக்குப் பின் பிரிட்டனில் விசாரணை நடந்தது, 2007இல் டோனஹ்யூ பிரபுவின் அறிக்கை வந்தது, 2010இல் இங்கிலாந்தில் பந்தய கிரேஹவுண்டுகளின் நலனுக்கான விதிமுறைகள் வந்தன. 2020இல் ஒவ்வொரு நாயையும் பந்தயத்துக்குப் பதிவு செய்யும்போதே 400 பவுண்டு ஒதுக்கிவைத்து, ஓய்வுக்குப்பின் வீடு தேடித்தரும் அமைப்புக்கு அதைக் கொடுக்கும் திட்டத்தைத் தொழில் கொண்டுவந்தது. அதாவது மீதி எட்டு வருஷத்துக்கு முதல் தடவையாக ஒரு முன்பணம். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ஆனால் தொழிலோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பேசிவந்த டாக்ஸ் ட்ரஸ்ட், ஆர்எஸ்பிசிஏ, ப்ளூ கிராஸ் மூன்றும் 2022 செப்டம்பரில் சேர்ந்து, இனி சீர்திருத்தம் போதாது, ஐந்து வருஷத்துக்குள் பந்தயத்தையே நிறுத்துங்கள் என்று கேட்டன. பேசிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவர்கள் சொல்வதற்குத் தனி எடை உண்டு.

ஆஸ்திரேலியாவில் கதை வேகமாக நடந்து, வேகமாகத் திரும்பியது. 2015 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சியின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சி, பயிற்சியாளர்கள் உயிருள்ள பன்றிக்குட்டி, பாஸம், முயல் போன்றவற்றை இயந்திரத்தில் கட்டி நாய்களைத் துரத்தவிடுவதைப் படம்பிடித்துக் காட்டியது. (ஓவன் ஸ்மித்தின் இயந்திர முயல் கடைசியில் முயலையும் காப்பாற்றவில்லை.) நியூ சவுத் வேல்ஸ் அரசு முன்னாள் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையில் விசாரணை அமைத்தது. முந்தைய 12 வருஷத்தில் அந்த மாநிலத்தில் பிறந்த 97,783 கிரேஹவுண்டுகளில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை, வேகம் போதவில்லை என்பதற்காகக் கொல்லப்பட்டிருக்கலாம் என்றது அறிக்கை. 2016 ஜூலையில் முதல்வர் மைக் பேர்ட் தடை அறிவித்தார். அக்டோபரில் அவரே வாபஸ் வாங்கினார். கிராமப்புற வாக்குகள், ஒரு இடைத்தேர்தல், பத்திரிகைகளின் எதிர்ப்பு. ஜல்லிக்கட்டு விவாதங்களைப் பார்த்த நமக்கு இந்த அரசியல் புரியாததல்ல, ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியில்லை, அது வேறு கதை.

மக்காவ் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அங்கே 1931இல் திறந்து மூடி, 1963இல் மறுபடி திறந்த கேனிட்ரோம் என்ற மைதானம். ஆஸ்திரேலியாவில் தோற்ற நாய்கள் கப்பலேறாமல் விமானமேறி அங்கே வரும். வந்த நாய் திரும்பிப் போனதில்லை. தத்துக் கொடுக்கும் வழக்கமும் இல்லை. மாதத்துக்கு முப்பது நாய் வந்தால் முப்பது நாய்க்கு இடம் காலியாக வேண்டும் அல்லவா, அப்படித்தான் காலியானது. 2013இல் ஆஸ்திரேலியப் பந்தய அமைப்பு மக்காவுக்குப் போகும் நாய்களுக்குப் பயணச் சான்று தருவதை நிறுத்தியது. 2016இல் அரசு இரண்டு வருஷக் கெடு வைத்தது: இடத்தை மாற்று, இல்லையென்றால் மூடு. 2018 ஜூலையில் மூடினார்கள். மூடிய அன்று உள்ளே 500க்கும் மேற்பட்ட நாய்கள்.

சின்னஞ்சிறு ஊர், அடுக்குமாடி வீடுகள், இவ்வளவு பெரிய நாய்களை வைத்துக்கொள்ள இடமில்லை. ஆனிமா என்ற உள்ளூர் விலங்கு நல அமைப்பு வெளிநாட்டு கிரேஹவுண்ட் அமைப்புகளோடு சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் கருத்தடை, தடுப்பூசி, பரிசோதனை, பயணப் பெட்டி, விமானம் என்று ஏற்பாடு செய்தது. இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளுக்குப் போயின. 2019இல் கடைசி நாய்களும் கிளம்பிவிட்டன. முப்பது வருஷமாக ஊர் ஊராக ஃபாஸ்டர் வீடுகளையும் பூனைப் பரீட்சைகளையும் கையேடுகளையும் கட்டி வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. அந்த வலைப்பின்னல் இல்லாத 1980இல் இதே மைதானம் மூடப்பட்டிருந்தால் அந்த ஐந்நூறு நாய்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது பழைய சண்டைக்கு வருவோம். தத்தெடுப்பு பந்தயத்தைக் காப்பாற்றியதா, ஒழித்ததா? மாசசூசெட்ஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2000இல் நாய்ப் பந்தயத்தைத் தடை செய்யலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 51க்கு 49 என்று எதிர்ப்பாளர்கள் தோற்றார்கள். 2008இல் மறுபடி வாக்கெடுப்பு, இந்தமுறை 56க்கு 44 என்று ஜெயித்தார்கள். நடுவில் என்ன மாறியது? மைதானங்கள் காயங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்ததால், 2002க்குப் பின் எண்ணூறுக்கும் மேற்பட்ட காயங்கள் அரசுத் தாளிலேயே இருந்தன. அது ஒன்று. இன்னொன்று, என் கணிப்பு மட்டும்தான்: அந்த எட்டு வருஷத்தில் மேலும் பல தெருக்களில் கிரேஹவுண்டுகள் குடிவந்துவிட்டன. பக்கத்து வீட்டு நாயின் தொடையில் முடி உதிர்ந்த வழுக்கையை, ஒடிந்து கூடிய கணுக்காலை ஓட்டுப்போடுகிறவர் தினமும் பார்த்தார். நடுநிலை வகித்த அமைப்புகள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கொடுத்த நாய் போய்ச் சேர்ந்த தெருவில் அது தேவையும்படவில்லை.

ஃப்ளோரிடாவில் 2018 நவம்பரில் நடந்தது இதைவிடப் பெரியது. அன்றைக்கு அமெரிக்காவில் மீந்திருந்த 17 மைதானங்களில் 11 அங்கேதான். நாய்ப் பந்தயம் பார்க்க ஆளில்லாமல் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் சீட்டாட்ட அறை நடத்த வேண்டுமானால் நாயையும் ஓடவிட வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருந்ததால் காலி இருக்கைகளுக்கு முன்னால் நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும். 69 சதவீதம் கிடைத்தது. சில தத்தெடுப்பு அமைப்புகள் திருத்தத்தை எதிர்த்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரேயடியாக மூடினால் ஆயிரக்கணக்கான நாய்களுக்கு எங்கே போவது என்று பயந்தார்கள்; பந்தயம் போனால் இந்த இனமே மெல்ல மறைந்துவிடும் என்றும் வருந்தினார்கள்.

முதல் பயம் பலிக்கவில்லை. இரண்டு வருஷ அவகாசத்தில் நாய்கள் படிப்படியாக வந்தன, வந்த வேகத்தில் வீடுகளுக்குப் போயின. 2020 டிசம்பர் 31 இரவு பாம் பீச் கென்னல் கிளப்பில் கடைசிப் பந்தயம் ஓடியது. கொஞ்ச காலத்தில் மேற்கு வர்ஜீனியாவின் இரண்டு மைதானங்கள் மட்டும் மிஞ்சின, அவையும் சூதாட்ட விடுதிப் பணத்தின் தயவில். நியூசிலாந்து 2024 டிசம்பரில் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது, வேல்ஸ் 2025 பிப்ரவரியில்.

இரண்டாவது வருத்தத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அமெரிக்கத் தத்தெடுப்பு அமைப்புகளில் இப்போது நாய்கள் வரிசையில் நிற்பதில்லை, மனிதர்கள் நிற்கிறார்கள். முதல் நாய் வயதாகி இறந்து, இன்னொரு கிரேஹவுண்டுதான் வேண்டும் என்று பெயர் கொடுத்துவிட்டு மாசக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சில அமைப்புகள் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஓய்வுபெற்ற நாய்களை விமானத்தில் வரவழைக்கின்றன. அயர்லாந்தில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 6,000 நாய்கள் கொல்லப்படுவதாக ஆர்டிஇ தொலைக்காட்சி 2019இல் சொன்னது, எனவே நாய்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்பெயினில் கால்கோ என்ற வேட்டை நாய்களை முயல் சீசன் முடியும் பிப்ரவரியில் தெருவில் விட்டுவிடுகிறார்கள். 2023இல் வந்த அந்த நாட்டின் விலங்கு நலச் சட்டம் வேட்டை நாய்களைத் தன் வரம்புக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவற்றையும் எடுக்கிறார்கள்.

ஃப்ளோரிடாவில் கடைசியாக ஓடிய நாய்களில் இளையவை இன்று நரைத்த முகத்தோடு யாரோ ஒருவர் வீட்டுக் கம்பளத்தில் படுத்திருக்கும். அவற்றின் காதில் உள்ள பச்சையும் இந்நேரம் மங்கியிருக்கும்.